மலைச்சரிவின் நன்னாரியும் சர்ஜாபுரச் சாலையின் மண்ணும்

பெங்களூரு சர்ஜாபுரச் சாலையில் தம் குடியிருப்பு வளாகத்துக்குள் சிறிய மூலிகைத் தோட்டம் போட்டிருக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு அடிவாரத்தில் உள்ள உறவினர் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நட்ட நன்னாரி, நிலவேம்பு, வல்லாரை ஆகிய மூன்றும் ஓராண்டுக்குப் பின் மூன்று விதமாக இருக்கின்றன. நன்னாரிக் கொடி செழித்துப் படர்ந்தும் வேரில் மணமில்லை. நிலவேம்பு ஊரில் இருந்ததைவிட உயரமாக வளர்ந்தும் கசப்புக் குறைவாகத் தெரிகிறது. வல்லாரை மஞ்சளித்து நிற்கிறது. எருவைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோட்டக்காரர் சொல்கிறார். மண்தான் காரணமா, ஆமென்றால் மண்ணின் எந்தக் குணம் என்பது அவருடைய கேள்வி.

மண்ணுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் மூன்று செடிகளுக்கும் காரணம் ஒன்றல்ல. எருவைக் கூட்டுவது மூன்றில் ஒன்றுக்கும் தீர்வாகாது, முதல் இரண்டுக்குத் தீங்காகவும் முடியலாம். நெல்லுக்கும் ராகிக்கும் காய்கறிக்கும் எது நல்ல மண் என்று நாம் வைத்திருக்கும் கணக்கு விளைச்சலை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. காட்டு மூலிகையில் நமக்கு வேண்டியது எடையைவிட, பூச்சியிடமிருந்தும் வறட்சியிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அந்தச் செடி உருவாக்கிவைக்கும் வேதிப்பொருள். செடி எளிதாக வளரும் மண்ணும் அந்தப் பொருள் கூடுதலாகச் சேரும் மண்ணும் பல சமயங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

முதலில் மண்ணின் உடலமைப்பைப் பார்ப்போம். உரக்கடையில் யாரும் இதைப் பேசுவதில்லை; ஆனால் வேர் மருந்துகளைப் பொறுத்தவரை இதுவே முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கருத்து. பெங்களூரின் இயல்பான மண், தீபகற்ப நைஸ் என்று நிலவியலார் சொல்லும் மிகப் பழைய பாறை சிதைந்து உண்டான செம்மண். லால்பாக்கில் வெளியே தெரியும் பாறை அந்த வகையைச் சேர்ந்தது. அதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். இந்தச் செம்மண்ணின் களிப்பகுதியில் கயோலினைட் என்னும் கனிமம் மிகுதி. அது நீரில் அதிகம் உப்பாது, காய்ந்தால் கரிசலைப் போல ஆழமாக வெடிக்காது, சத்துகளையும் அதிகம் பிடித்துவைக்காது. கரிசல் மண்ணோடு ஒப்பிட்டால் செம்மண்ணின் சத்துப் பிடிப்புத் திறன் பல மடங்கு குறைவு. ஆனால் தண்ணீர் விரைவாக வடியும், வேருக்குக் காற்றுக் கிடைக்கும். மாகடிப் பக்கம் சாவனதுர்கா, ராமநகராவின் குன்றுகள், துமகூருக்கு அருகில் தேவராயனதுர்கா போன்ற இடங்களில் இந்த மண் இன்னும் மெலிந்து, சரளையோடு கலந்து, பாறை இடுக்குகளில் மட்டுமே தங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட இடுக்குகளில் விளைவதுதான் மாகாளிக் கிழங்கு. மல்லேஸ்வரம் சந்தையில் அதை வாங்கி மோரில் ஊறுகாய் போடும் நம் வீடுகளில் அதன் மணத்தை அறியாதவர் இருக்க முடியாது. நன்னாரி வேரின் மணத்துக்கும் மாகாளிக் கிழங்கின் மணத்துக்கும் காரணமான முதன்மைப் பொருள் ஒன்றே. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஓர் ஆல்டிஹைடு அது. வறண்ட, சரளையான, நீர் தங்காத இடத்தில் வேர் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் தடிப்பதும் இந்தப் பொருள் வேரின் பட்டைப் பகுதியில் சேர்வதும் ஒருசேர நடக்கின்றன. கேள்வி கேட்ட அன்பரின் நன்னாரிக்கு ஒரு வயதுதான் ஆகிறது என்பதை இங்கே மறக்கக் கூடாது. இளம் வேரில் மணம் குறைவாக இருப்பது இயல்பு. இரண்டாம், மூன்றாம் ஆண்டு வேரோடு ஒப்பிட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அதற்காக மண்ணை முற்றிலும் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது.

ஏனென்றால் அடுக்குமாடி வளாகங்களில் ‘தோட்ட மண்’ என்று இருப்பது பெரும்பாலும் இயல்பான நிலத்தின் மேல்மண் அன்று. அடித்தளத்துக்காக இருபது முப்பது அடி தோண்டும்போது வெளிவந்த கீழ்மண்ணை மேலே கொட்டி, கனரக வண்டிகளை ஓட்டி இறுக்கி, அதன்மேல் அரையடிக்குச் செம்மண்ணும் புல்தரையும் பரப்பியிருப்பார்கள். மேலே பார்த்தால் செழிப்பாகத்தான் தெரியும். கைக்கடப்பாரையை இறக்கினால் அரையடிக்குக் கீழே அது நின்றுவிடும். நன்னாரி வேரும் அங்கேதான் நிற்கும். ஆழமாக இறங்க வேண்டிய வேர், மேலடுக்கிலேயே பக்கவாட்டில் ஓடி, மெல்லிய சல்லிவேராகவே இருந்துவிடும். ஒரு கன சென்டிமீட்டர் மண்ணின் எடை 1.6 கிராமுக்கு மேல் போகும் அளவுக்கு இறுகிய மண்ணில் பெரும்பாலான வேர்களுக்கு வழி கிடைப்பது கடினம். களிமண்ணாக இருந்தால் அதைவிடக் குறைந்த இறுக்கத்திலேயே வேர் நின்றுவிடும்.

இறுக்கத்தின் இரண்டாவது தீமை நீர்த்தேக்கம். ஆக்சிஜன் காற்றின் வழியே பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரின் வழியே ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் பரவுகிறது. மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் மூச்சுத் திணறும். அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்திக்கொண்டு வேரழுகல் பூஞ்சைகள் உள்ளே நுழையும். தண்ணீர்விட்டான் கிழங்கு, அமுக்கரா, செங்காந்தள், சந்தனம் ஆகிய நான்கும் இந்த விஷயத்தில் மிகவும் நொய்ந்தவை. இதற்கு நேரெதிர் வசம்பு. துமகூர் மாவட்டத்துக் கொரட்டகெரேப் பக்கம் வசம்பை நெல்வயல் போலச் சேற்றில் நட்டு வளர்க்கிறார்கள். வல்லாரைக்கும் நீர்ப்பிரமிக்கும் ஈரமான கரைதான் வீடு. இப்படிச் சேற்றில் வாழும் செடிகளில் பலவற்றுக்குத் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் அமைந்த திசு இருப்பதால், ஆக்சிஜன் மேலிருந்து கீழே இறங்குகிறது. எனவே ‘மூலிகைக்கு ஏற்ற மண்’ என்று பைகளில் கட்டி விற்பதை வாங்கி எல்லாச் செடிகளுக்கும் ஒரே கலவையைப் போடுவது தொடக்கத்திலேயே தவறான வழி.

இனி மண்ணின் இரண்டாவது பகுதியான வேதித்தன்மைக்கும், அதோடு வல்லாரையின் மஞ்சள் நிறத்துக்கும் வருவோம். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், குறைவு. செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவி இளந்தளிருக்கு அனுப்பிவிடுகிறது என்று பொருள். முதிர்ந்த இலை பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளித்து அதன் நரம்புகள் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறைவு. இரும்பைச் செடியால் அவ்வாறு இடம் மாற்ற முடியாது. அன்பர் அனுப்பியிருக்கும் விவரிப்பில் ‘தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக’ என்று இருப்பதால் இது இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன்.

செம்மண்ணின் சிவப்பே இரும்பு ஆக்சைடுதானே, அதில் எப்படி இரும்புப் பஞ்சம் வரும் என்று தோன்றலாம். மண்ணில் இருப்பது ஒன்று, வேரால் எடுக்க முடிவது வேறொன்று. இரண்டுக்கும் இடையில் நிற்பது மண்ணின் அமில காரத் தன்மை, அதாவது பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). பெங்களூரின் இயல்பான செம்மண்ணில் இது பெரும்பாலும் 5.5 முதல் 7 வரை இருக்கும். அந்த நிலையில் இரும்பு ஓரளவு கரைந்து கிடைக்கும். கட்டடக் கழிவிலிருந்து சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் அது 8-ஐத் தாண்டிவிடும். பி.எச். ஓர் அலகு ஏறினால், காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பின் கரைதிறன் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். இதன்மேல் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் சேர்கிறது. நகரின் கிழக்குப் புறங்களில் பல வளாகங்கள் போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பியிருப்பவை. அந்தக் கடின நீரிலுள்ள பைகார்பனேட்டு நாளடைவில் மண்ணை இன்னும் காரமாக்கும், வேருக்குள் போன இரும்பையும் சரிவரப் பயன்பட விடாது. இந்த நிலையில் எருவைக் கொட்டினால் மஞ்சள் மாறாது. கட்டடக் கழிவு கலந்த மண்ணை அகற்றிவிட்டு வேறு செம்மண் போடுவதும், முடிந்தவரை மழைநீரை ஊற்றுவதும், அவசரத்துக்குக் கொடுக்கிணைப்பு இரும்பு (செலேட்டட் அயர்ன்) என்று விற்கும் கரைசலை இலைமேல் தெளிப்பதும்தான் வழி. மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கிறதா என்று அறிய ஆய்வகம் தேவையில்லை. காய்ந்த மண்மேல் சிறிது வினிகரை ஊற்றிப் பார்த்தால், சுண்ணாம்பு மிகுந்திருக்கும்போது நுரைக்கும்.

பி.எச். அளவு மணிச்சத்தையும், அதாவது பாஸ்பரஸையும், ஆள்கிறது. அமிலம் மிகுந்த செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைக் கட்டிப்போடுகின்றன. காரமான மண்ணில் கால்சியம் அதையே செய்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட 6 முதல் 7 வரையான நிலையில்தான் அது தாராளமாகக் கிடைக்கும். ஆனால் காட்டுச் செடிகள் இந்தப் பஞ்சத்துக்குத் தங்களுக்கென ஒரு வழி வைத்திருக்கின்றன. அதைக் கீழே சொல்கிறேன்.

நிலவேம்பின் கசப்பு, கேள்வியின் சுவையான பகுதி. செடி ஒளிச்சேர்க்கையில் கரிமத்தை (கார்பனை) சேர்க்கிறது. அதை இலையும் தண்டுமாக மாற்றப் புரதம் வேண்டும், புரதத்துக்குத் தழைச்சத்து வேண்டும். தழைச்சத்துக் குறைந்தால் முதலில் தளர்வது வளர்ச்சி; ஒளிச்சேர்க்கை அந்த அளவுக்குத் தளர்வதில்லை. அப்போது மிஞ்சும் கரிமம் டெர்பீன், பீனால் போன்ற, நைட்ரஜன் தேவைப்படாத தற்காப்புப் பொருள்களாக மாறுகிறது. பிரையன்ட், சேப்பின், கிளைன் என்னும் ஆய்வாளர்கள் 1983-இல் இந்த விளக்கத்தைக் கரிமம்–சத்துச் சமநிலைக் கருதுகோளாக முன்வைத்தார்கள். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராபோலைடு, டெர்பீன்களில் ஒரு வகையான டைடெர்பீன். இந்தக் கணக்குக்கு ஒத்துவரும் வகையைச் சேர்ந்தது. எருவும் யூரியாவும் தாராளமாகக் கிடைத்த நிலவேம்பு தழைத்து உயர்ந்து, ஒரு கிராம் இலைக்குள்ள கசப்பில் மெலிந்து நிற்பதை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கருதுகோளை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. ஆய்வாளர்கள் பலர் அதற்கு ஒத்துவராத முடிவுகளைக் காட்டியிருக்கிறார்கள். நித்தியகல்யாணியின் மருந்துப் பொருள்களான ஆல்கலாய்டுகளுக்குள்ளேயே நைட்ரஜன் இருப்பதால், தழைச்சத்துக் கிடைக்கும்போது அவை கூடவும் செய்யும். செங்காந்தளின் கோல்ச்சிசினும் ஆல்கலாய்டுதான். (அது கொடிய நஞ்சு; குழந்தைகள் விளையாடும் வளாகத்தில் அதன் கிழங்கை நடுவதை நான் விரும்புவதில்லை.) ஒரு கிராமுக்குள்ள பொருள் குறைந்தாலும் செடியின் மொத்த எடை கூடுவதால், ஒரு செடியிலிருந்து கிடைக்கும் மொத்த மருந்து கூடியிருக்கவும் வாய்ப்புண்டு, வணிகமாகப் பயிரிடுவோர் பார்ப்பது அதைத்தான். ஆகவே தழைச்சத்துத் தீமை என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தச் செடி, எந்தப் பொருள் என்று கேட்ட பிறகே பதில் சொல்ல முடியும். மேலும், நிலவேம்பில் அந்தக் கசப்புப் பொருள் பூக்கத் தொடங்கும் பருவத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும். அதற்கு முன்பே பறித்துவிட்டு மண்ணைக் குறை சொல்லக் கூடாது.

மெலிந்த மண்ணின் பலனை நம் பகுதியில் தெளிவாகக் காட்டுவது சந்தனம். வளமான, ஈரமான இடத்தில் மரம் விரைவாகப் பருக்கும்; மணமுள்ள வைரம் (நடுக்கட்டை) பாய்வது மெதுவாகவே நடக்கும். சரளையும் பாறையுமான வறண்ட சரிவில் மரம் குன்றி வளர்ந்தாலும் வைரம் நன்றாக இருக்கும் என்பது கர்நாடக, தமிழக வனங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணிப்பு. சந்தனத்தைத் தனி மரமாக மட்டும் வைத்துப் பேசவும் முடியாது. அது பாதி ஒட்டுண்ணி, தன் வேரைப் பக்கத்துச் செடிகளின் வேரில் ஒட்டவைத்து அவற்றிடமிருந்து தண்ணீரும் சத்தும் எடுத்துக்கொள்வது. துணைச்செடி இல்லாமல் நட்ட சந்தனக் கன்று எந்த மண்ணில் வைத்தாலும் ஏங்கித்தான் நிற்கும்.

இது மண்ணின் மூன்றாவது பகுதிக்கு, அதாவது அதன் உயிர்ப்பகுதிக்கு நம்மைக் கொண்டுவருகிறது. தரைவாழ் செடிகளில் பெரும்பான்மையானவை வேர்ப்பூஞ்சைகளோடு கூட்டுச் சேர்ந்தே வாழ்கின்றன. பூஞ்சையின் இழைகள் வேரின் உள்ளே குடியிருந்து, வெளியே வேர்த்தூவியால் எட்ட முடியாத நுண்துளைகளுக்குள் போய்ப் பாஸ்பரஸையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து தருகின்றன. செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. மணிச்சத்துப் பஞ்சத்துக்குக் காட்டுச் செடி வைத்திருக்கும் வழி என்று மேலே சொன்னது இதைத்தான். தண்ணீர்விட்டான், அமுக்கரா, நிலவேம்பு ஆகியவற்றின் வேரில் இந்தப் பூஞ்சைகள் குடியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தோண்டிக் கொட்டிய கீழ்மண்ணில் இவை மிகக் குறைவு. தென்னை நார்க்கழிவு மட்டும் போட்ட தொட்டியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால், பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுக்க வேண்டிய தேவை செடிக்கு இல்லாமல் போய், அந்தக் கூட்டு தளர்ந்துவிடும். ஆகவே செடியை இடம் மாற்றும்போது வேரைக் கழுவாமல் தாய்மண்ணோடு ஒரு பிடியாவது சேர்த்துக் கொண்டுவருவது நல்லது. சாவனதுர்கா போன்ற காப்புக் காடுகளிலிருந்து மண்ணையோ செடியையோ எடுப்பது குற்றம் என்பதால், நாற்றுப்பண்ணைகளை நாடுவதே முறை. நாட்டு மருத்துவ மரபுகளுக்காக 1993-இல் தொடங்கப்பட்ட எஃப்.ஆர்.எல்.ஹெச்.டி. நிறுவனத்துக்கு எலகங்காவை ஒட்டியுள்ள வளாகத்தை ஒருமுறை பார்த்துவருவது, எந்தச் செடி எந்தச் சூழலில் நிற்கிறது என்று கண்ணால் அறிய உதவும்.

தானாக முளைப்பவற்றைக் கவனிப்பதும் ஒரு மண் ஆய்வுதான். ஆவாரையும் கொழுஞ்சியும் செழித்திருந்தால் அது வடிகால் நல்ல, மெலிந்த நிலம். கொழுஞ்சி தன் வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்வதால் அங்கே தாக்குப்பிடிக்கிறது. குப்பைமேனியும் நாயுருவியும் மண்டினால் குப்பையும் எருவும் விழுந்து தழைச்சத்து ஏறிய மண். கரிசலாங்கண்ணியும் பொடுதலையும் வந்தால் அடியில் ஈரம் நிற்கிறது. நன்னாரிக்கு இடம் தேடுபவர் முதல் வகை நிலத்தைப் பார்க்க வேண்டும், வல்லாரைக்கு மூன்றாவது.

வல்லாரையைப் பற்றிச் சொல்லும்போது இந்த நகரத்தில் விட்டுவிடக் கூடாத ஒன்று உண்டு. வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈரக்கரையில் வாழ்வதோடு, அங்குள்ள உலோகங்களையும் உறிஞ்சிச் சேர்த்துவைப்பவை. மாசடைந்த நீரைத் தூய்மைப்படுத்த நீர்ப்பிரமியைப் பயன்படுத்தலாமா என்று ஆய்வு நடக்கும் அளவுக்கு அதற்கு அந்தத் திறன் இருக்கிறது. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் நிலை ஊரறிந்தது. பல்லாண்டுகளாக வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் சேர்ந்த வண்டல் அங்கே படிந்து வந்திருக்கிறது. அந்தக் கரையிலோ அதன் வாய்க்கால் ஓரத்திலோ பறித்த கீரையை மருந்தென்று உண்பது அறிவுடைமையாகாது. மூலிகை மூலப்பொருளில் காரீயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கும் காட்மியம் 0.3 மில்லிகிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. இலைக்குள் போய்விட்ட உலோகத்தைக் கழுவி அகற்ற முடியாது. சாலையோர மண்ணும் ஐயத்துக்குரியதே. காரீயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நின்றுபோனாலும், மண்ணில் படிந்த காரீயம் எளிதில் இடம் பெயர்வதில்லை. இங்கேயும் பி.எச். குறுக்கிடுகிறது: மண் அமிலமாக ஆக ஆகக் காட்மியம் மேலும் கரைந்து செடிக்குள் எளிதாக ஏறும்.

அன்பர் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நன்னாரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நீர் நிரப்பி, அது வடிந்த பின் மறுபடி நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்துக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் வடிகால் போதும். அரை அங்குலத்துக்கும் குறைவாக இறங்கினால் அந்த இடத்தில் வேர் மூலிகை வேண்டாம். பிறகு மேலிருந்து அரையடி ஆழம் வரை ஒரு மாதிரியும், ஓரடிக்குக் கீழிருந்து இன்னொரு மாதிரியும் தனித்தனியாக எடுத்து மண் ஆய்வகம் ஒன்றுக்குக் கொடுங்கள், ஜி.கே.வி.கே. வளாகத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்திலும் விசாரிக்கலாம். பி.எச்., உப்பின் அளவு, கரிமச்சத்து, கிடைக்கும் நிலையிலுள்ள இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். கரிமச்சத்து 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பொதுவாகக் குறைவு என்பார்கள். நன்னாரிக்கு அதற்காகக் கவலைப்பட வேண்டாம், ஆண்டுக்கு ஒருமுறை நன்கு மட்கிய இலைமட்கு ஒரு கூடை போதும். கிடைக்கும் இரும்பு பத்து லட்சத்தில் 4.5 பங்குக்குக் கீழே இருந்தால் வல்லாரையின் நோய் உறுதியாகிவிடும்.

நன்னாரியை இரண்டரை, மூன்றடி ஆழமுள்ள பழைய டிரம்மில் அடியில் துளையிட்டு, பாதி செம்மண், மீதி சரளையும் பருமணலும் கலந்து மாற்றி நடுங்கள். நிலவேம்புக்கு இந்த ஆண்டு எருவை நிறுத்திவிட்டு, விதையிலிருந்து புதிதாக வளரும் செடியைப் பூக்கும் தறுவாயில் பறித்துக் கசப்பைப் பாருங்கள். பழைய செடியின் காய்ந்த இலை கொஞ்சம் எடுத்துவைத்திருந்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். வல்லாரையைத் தரையிலிருந்து எடுத்து, மழைநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அகலமான ஆழமற்ற தொட்டியில், அரை நிழலில் வையுங்கள்; அதற்கு மட்டும் மட்கு சற்றுத் தாராளமாக இருக்கலாம், தொட்டியின் அடித்துளையையும் சிறிதாகவே போடுங்கள்.